கல்யாணம் வரை மறைத்த கால்

அஸ்ஸாமிலிருந்து கன்னியாகுமரிக்கு நேராக ஒரு ரயில் வருகிறது. நாட்டின் ஒரு மூலையில் ஏறினால் மறுமூலையில் இறக்கிவிடும். அக்கா மகளுக்குக் கல்யாணம் முடிவாகப் போகிறது என்று போன் வந்ததும் நான் அதில்தான் ஏறினேன். முன்பதிவு இல்லாத பெட்டி. கழிப்பறைக்குப் பக்கத்தில் சுவரோரமாக என் தகரப் பெட்டியைப் போட்டு அதன்மேல் உட்கார ஒரு இடம் கிடைத்தது. எழுந்தால் இடம் போய்விடும். எழாமல் இருக்க வேண்டுமென்றால் தண்ணீர் குடிக்காமல் இருக்க வேண்டும். அந்தப் பெட்டியில் பயணம் செய்கிற எல்லோருக்கும் தெரிந்த வழி அது. இடது காலை மடக்கி, அதன்மேல் வலது காலைப் போட்டு, நாள் கணக்கில் அப்படியே வந்தேன்.

ஆந்திராவைத் தாண்டும்போது இடது ஆடுசதையில் பிடிப்பு மாதிரி ஒரு வலி. திருவனந்தபுரம் வருவதற்குள் கால் வீங்கி, கணுக்கால் தெரியவில்லை. நாகர்கோவிலில் இறங்கும்போது இடது செருப்பு காலில் நுழையவில்லை. அதைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே போனவன். கொச்சியில் மீன் ஏற்றியிருக்கிறேன், பம்பாயில் பாத்திரம் கழுவியிருக்கிறேன், கர்நாடகத்திலும் பிறகு அஸ்ஸாமிலும் ரப்பர் பால் வெட்டியிருக்கிறேன். மலேரியா இரண்டு முறை வந்து போனது. ஒரு விரல் கோணலாகச் சேர்ந்தது. உடம்பு கெடும், பிறகு தானாகச் சரியாகும் என்பதுதான் என் அனுபவம். கால் ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதுவரை நான் வைத்துக்கொண்ட சொத்தும் அதுதான்.

அக்கா வீடு நாகர்கோவிலுக்கு வடக்கே, வயலைத் தாண்டி மினி பஸ் போகிற ஊரில். அத்தான் இறந்துவிட்டார். அக்காவும் மகளும் மட்டும்தான். கதவைத் திறந்த அக்கா முதலில் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு காலைப் பார்த்தாள். என்னை உள்ளே இழுத்துத் தெருக்கதவைச் சாத்தினாள்.

"லேய், இது எப்ப வந்து?"

"ரயில்ல. நீர் எறங்கியிருக்கு. ரெண்டு நாள்ல வத்திரும்."

அவள் குனிந்து ஒரு விரலால் அமுக்கினாள். குழி விழுந்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது.

"நம்ம அத்தைக்கும் இப்பிடித்தாம்லே தொடங்கிச்சு."

அத்தைக்கு யானைக்கால் இருந்தது. அப்பாவின் தங்கை. எனக்கு நினைவு தெரியும்போதே அவளுக்கு இடது கால் தூண் போல இருந்தது. கல்யாணம் நடக்கவில்லை. அவளால் அப்பாவின் இன்னொரு தங்கைக்கு வந்த சம்பந்தமும் முறிந்தது. அது கொசுவால் வருகிற நோய், குடும்பத்தில் இறங்குவதில்லை என்று அரசாங்கம் எத்தனையோ வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. வீடு வீடாக வந்து மாத்திரை கொடுக்கிறார்கள். ஆனால் பெண் கேட்டு வருகிறவர்கள் காலைப் பார்க்காமல் போவதில்லை. "அந்தக் குடும்பத்துல காலு உண்டு" என்று ஒரு வார்த்தை போதும்.

அக்கா சொன்னாள்: "மாப்பிள்ளைக்க மைனி ஆஸ்பத்திரில நர்சு. டவுண்ல எந்த ஆஸ்பத்திரில நீ காலக் காட்டினாலும் அவ காதுக்குப் போவும். கல்யாணம் முடியட்டு மக்கா. முடிஞ்ச அன்னைக்கு மறுநாளு நானே உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

மைனி என்றால் அண்ணன் பெண்டாட்டி. அவளை நான் அப்போது பார்த்ததுகூட இல்லை. ஆனால் கல்யாணத்துக்கு இருந்த ஒன்றரை மாதமும் நாங்கள் இரண்டு பேரும் பயந்தது அவள் ஒருத்திக்குத்தான்.

யாரையும் குறை சொல்லவில்லை. அக்கா கேட்டாள், எனக்கும் அது நியாயமாகவே பட்டது. யானைக்கால் என்று நானும் நம்பிவிட்டேன். அது வந்தால் வந்ததுதானே, ஒரு மாதம் முன்னால் காட்டினால் என்ன, பின்னால் காட்டினால் என்ன என்றுதான் நினைத்தேன்.

அக்கா வீட்டில் இருந்தால் வருகிறவர் போகிறவர் கண்ணில் படும். அதனால் நாகர்கோவில் கோட்டாற்றில் மிளகாய் வற்றல் மொத்தக்கடை வைத்திருந்த பழைய சிநேகிதனிடம் போனேன். கடைக்குப் பின்னால் மூட்டை அடுக்குகிற அறையில் ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தான். பகலில் எடை போடுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தேன். எப்போதும் சாரத்தை, அதாவது லுங்கியை, முட்டுக்கு மேல் மடித்துக் கட்டித்தான் எனக்குப் பழக்கம். இப்போது கணுக்கால் வரை இறக்கிவிட்டேன். சிநேகிதன் அதை விடவில்லை.

"என்னவே, அஸ்ஸாம்ல போயி அடக்க ஒடுக்கம் படிச்சிட்டு வந்திருக்கீரு? பொம்பளப் பிள்ள பாவாட மாதிரி எறக்கிவிட்டிருக்கீரு."

"வயசாவுதுல்லா வே."

"உமக்கா? சவத்த விடும். யாரையோ கெட்டப் போறீரு. அக்கா மகளுக்கு முந்தியே பந்தல்ல ஏறிராதேயும்."

கடை ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாரத்துக்குள் அந்தக் கால் உலையில் வைத்த மாதிரிச் சுட்டுக்கொண்டிருந்தது. ஆடுசதையில் தொடங்கிய வீக்கம் தொடைக்கு ஏறியிருந்தது. நிறம் மாறி, லேசான ஊதாவாக இருந்தது. யானைக்கால் இவ்வளவு வேகமாக வராது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அத்தையின் கால் வருடக்கணக்கில் அப்படி ஆனது. என் கால் ஒரு ரயில் பயணத்தில் ஆனது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அக்கா இரண்டு நாளைக்கு ஒருமுறை வடசேரிச் சந்தைக்குக் காய்கறி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு என்னைப் பார்க்க வருவாள். வீட்டுக்குக் கொடுத்துவிட்டுப் போன யானைக்கால் மாத்திரையில் சாப்பிடாமல் கிடந்ததைக் கொண்டுவந்து கொடுத்தாள். சுற்றுத் துணி ஒன்று வாங்கி வந்து, கல்யாணத்தன்று போடப்போகிற கால்சட்டைக்குள் நுழைய வேண்டுமே என்று இறுக்கமாகச் சுற்றிவிட்டாள். சுற்றும்போது எனக்குக் கண்ணில் நீர் வந்தது. "பொறுத்துக்கோ மக்கா" என்றாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது இருமல் தொடங்கியது. மூச்சு இழுக்கும்போது வலது விலாவில் ஊசி குத்துகிற மாதிரி இருந்தது. நான்கு மூட்டை தள்ளி வைத்தால் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. வற்றல் நெடி என்று நினைத்தேன். அந்தக் கடையில் புதிதாக வேலைக்கு வருகிறவன் எல்லாம் முதல் மாதம் இருமுவான். சிநேகிதன்கூட, "கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் குடியும், நெடி எறங்கிரும்" என்றான். குடித்தேன்.

எங்கள் வழக்கத்தில் பெண்ணைக் கைபிடித்து மணவறைக்குக் கூட்டி வருவது தாய்மாமன். அத்தான் இல்லாத வீட்டில் அது இன்னும் பெரிய காரியம். மற்ற எந்தக் காரணத்துக்காகவும் நான் அவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டேன். வேட்டி கட்டினால் காற்றில் விலகும் என்று அக்கா அகலமான கால்சட்டை ஒன்று தைத்து வைத்திருந்தாள். மண்டபத்து வாசலில் உறவுக்காரர் ஒருவர் என்னை மறித்தார்.

"என்ன மச்சான், தாய்மாமன் பேண்டு போட்டுக்கிட்டா மாலை எடுத்துக் குடுக்கது? வேட்டி கட்டத் தெரியாம ஆயிப் போச்சா?"

"வாடகைக்குக் கிட்டல" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

மணமகள் அறையிலிருந்து மணவறைக்கு அதிக தூரமில்லை. அக்கா மகள் தன் கையை என் கைக்குள் வைத்தாள். கொஞ்சம் நடந்ததுமே எனக்கு மூச்சு முட்டியது. மேடைக்கு ஏறுகிற படியில் நான் அவளைக் கூட்டிப் போகவில்லை, அவள்தான் என்னைத் தாங்கிப் போனாள். பட்டுப்புடவையும் பூவுமாக, சனம் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தலையைத் திருப்பாமலே மெதுவாகக் கேட்டாள். "மாமா, உங்களுக்கு என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல பிள்ளே. நீ நேராப் பாரு."

தாலி கட்டினார்கள். கடைசிப் பந்தியில் நான் சாப்பிட உட்கார்ந்தேன். பருப்பும் நெய்யும் முடிந்து பாயசம் வருவதற்குள் எனக்கு இலை மங்கலாகத் தெரிந்தது. எல்லோரும் எழுந்து போனார்கள். நான் எழவில்லை. எழ முடியவில்லை.

"மாமா, போட்டோ எடுக்கக் கூப்பிடுகாவ" என்று ஒரு பெண் வந்து நின்றாள். பச்சைப் புடவை. மாப்பிள்ளையின் மைனி. நாங்கள் ஒன்றரை மாதம் பயந்த ஆள்.

"நீ போ மக்களே, நான் பைய வாறேன்."

அவள் போகவில்லை. என் உதட்டைப் பார்த்தாள். மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். பிறகு கீழே பார்த்தாள். ஒரு கால்சட்டைக் குழாய் தளர்ந்து கிடக்கிறது, இன்னொன்று தையல் பிரிகிற மாதிரி இருக்கிறது. கேட்காமலே குனிந்து அதை மேலே தூக்கினாள். சுற்றுத் துணியைப் பார்த்ததும், "ஐயோ, இத யாரு கெட்டினா?" என்றாள்.

அதற்குள் அக்கா ஓடி வந்துவிட்டாள். அவள் முகத்தில் இருந்த பயத்தை என்னால் எழுத முடியாது. "அது ஒண்ணுமில்ல மக்களே, சின்ன வயசுல விழுந்த அடி, அப்பப்போ வீங்கும்..."

"அத்தே, இது எப்ப வந்து? உள்ளதச் சொல்லுங்க."

நான் சொன்னேன். ரயிலைச் சொன்னேன். வற்றல் நெடியையும் சொன்னேன். சொல்லி முடித்து, "யானைக்கால்தான், எனக்குத் தெரியும்" என்றேன்.

"யானைக்காலும் இல்ல, கழுதக்காலும் இல்ல" என்றாள் அவள். "காலுல ரத்தம் கட்டியிருக்கு. அது நெஞ்சுக்கு ஏறுது. இப்பமே போணும்."

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மக்களே, இன்னைக்கு ஒரு நாளு. பெண்ணும் மாப்பிள்ளையும் வீட்டுக்கு எறங்கட்டு. நாளைக்கு வெள்ளனே போவலாம்."

"அத்தே, நாளைக்கு இவிய இருப்பாவளான்னு எனக்குத் தெரியாது."

அக்கா அவள் கையை விட்டாள்.

அவள் என்னைக் கூட்டிப் போனது ரத்தக்குழாய் வைத்தியம் மட்டும் பார்க்கிற சிறிய ஆஸ்பத்திரிக்கு. முன்னறையில் காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் ஏதாவது ஒரு கால் பெரிதாக இருந்தது. எந்தக் காலையும் யாரும் மூடி வைத்திருக்கவில்லை. கல்யாணச் சட்டையும் நெற்றியில் சந்தனமுமாக என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனாள் அவள். ஒரு லாரி டிரைவர், "அண்ணாச்சி மாப்பிள்ளையாக்கும்? பந்தல்லேருந்து தூக்கிட்டு வந்துட்டாவளா?" என்று கேட்டார். எனக்குச் சிரிக்க மூச்சு இல்லை.

டாக்டர் இளவயதுக்காரர். கூழ் மாதிரி ஒன்றைத் தொடையில் தடவி, கையில் அடங்குகிற கருவியை வைத்து அமுக்கினார். திரையை என் பக்கம் திருப்பினார்.

"இதுல ரெண்டு வட்டம் தெரியுதா? ஒண்ணு சுத்த ரத்தம் வாறது. மத்தது அசுத்த ரத்தம் திரும்பிப் போறது. நான் அமுக்கினா இந்த ரெண்டாமத்தது நசுங்கணும். பாருங்க, வலது கால்ல நசுங்குது."

வலது காலில் அமுக்கினார். வட்டம் வாய் மூடுகிற மாதிரி மூடிக்கொண்டது. இடது காலில் அமுக்கினார். அது அப்படியே இருந்தது. இன்னும் கொஞ்சம் மேலே அமுக்கினார், முட்டுக்குப் பின்னால் அமுக்கினார், இடுப்பு மடிப்பில் அமுக்கினார். எங்கேயும் அது மூடவில்லை. விளக்கம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூடம் போகாதவனுக்கும் அது புரியும்.

அன்றே நெஞ்சையும் படம் எடுத்தார்கள். காலிலிருந்து பிய்ந்து போன துண்டு வலது நுரையீரலில் ஒரு கிளையை அடைத்திருந்தது. பெரிய துண்டாக இருந்திருந்தால் மேடைப் படியிலேயே முடிந்திருக்கும் என்றார் டாக்டர். வயிற்றில் தொப்புளுக்குப் பக்கத்தில் ஊசி போட்டார்கள். ரத்தம் மேற்கொண்டு கட்டாமல் இருக்க காலையும் மாலையும் அந்த ஊசி. பிறகு மாத்திரை. மூச்சு சில நாளில் சரியானது. உயிருக்குப் பயமில்லை என்று தெரிந்ததும் எனக்குக் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. இந்தக் காலோடு பழையபடி போக முடியுமா?

டாக்டர் கட்டிலில் உட்கார்ந்து பதில் சொன்னார்.

"வீங்கின முதல் வாரம், ரெண்டாம் வாரம் வந்திருந்தா, ஒரு சின்னக் குழாயை உள்ள விட்டு அந்தக் கட்டியைக் கரைக்கப் பாத்திருக்கலாம். இப்ப அது சுவரோட ஒட்டியாச்சு. நாங்க குடுக்க மருந்து புதுசா கட்டாமப் பாத்துக்கிடும். பழசை உடம்புதான் கொஞ்சம் கொஞ்சமா வழி பண்ணணும். ஆனா உள்ள சின்னச் சின்னக் கதவு உண்டு, ரத்தம் கீழ எறங்காம தடுக்கது. அந்தக் கதவு கெட்டுப்போச்சு. கால் கனக்கும். நின்னா வீங்கும். அதை மாத்த முடியாது."

அக்கா கதவுப் பக்கம் நின்றிருந்தாள். 'முதல் வாரம்' என்று அவர் சொன்ன இடத்திலேயே அவள் நின்றுவிட்டாள் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு சொன்னது எதுவும் அவள் காதில் விழுந்த மாதிரித் தெரியவில்லை.

அக்கா மகள் மறுவீட்டுக்கு வந்தபோது என்னைப் பார்க்க வந்தாள். எல்லாம் தெரிந்துவிட்டிருந்தது. அம்மாவிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னிடம், "யானைக்காலாவே இருந்தாத்தான் என்ன மாமா? அதுக்குப் போற சம்பந்தம்னா போட்டும்னு நான் சொல்லியிருப்பேன்லா? ஒருத்தரும் எங்கிட்டக் கேக்கலியே" என்றாள். உண்மைதான். யாருக்காக மறைத்தோமோ அவளிடம் கேட்க எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. கேட்டிருந்தால் அவள் என்னை அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பாள். மாப்பிள்ளை வீட்டாரும் ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் அப்பா பழமும் ரொட்டியும் வாங்கி வந்து பார்த்துவிட்டு, "காலத் தூக்கி வச்சுக்கிடும்வே" என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் பயந்த ஆட்கள் இவர்கள்தான்.

அதற்குப் பிறகு அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். கால் முழுதுக்கும் ஒரு இறுக்கமான காலுறை கொடுத்திருக்கிறார்கள். காலையில் படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன்னால் அதைப் போட வேண்டும். இறங்கிவிட்டால் வீங்கிவிடும், பிறகு ஏறாது. எனக்குத் தனியாகப் போட வராது. விடிந்ததும் அக்கா வந்து கட்டில் முனையில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, குதிகாலிலிருந்து இழுத்து ஏற்றுவாள். அந்த நேரத்தில் நாங்கள் பேசிக்கொள்வதில்லை. ஒரு நாள் மட்டும், "வலிக்கா லே?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

மாதா மாதம் ஆஸ்பத்திரிக்குப் போவேன். அந்த லாரி டிரைவரும் சில சமயம் வருவார். அவர் வண்டியை விட்டுவிட்டு மகன் கடையில் உட்காருகிறார். "நமக்கெல்லாம் இனி ரெண்டு சைஸ்ல செருப்பு வேணும் அண்ணாச்சி. உம்ம சின்னக் காலும் எனக்க சின்னக் காலும் ஒரு ஜோடி வாங்கிருவோமா?" என்பார். வீங்கினது எனக்கு இடது, அவருக்கு வலது. கணக்கு சரியாகத்தான் வரும்.

போன மாதம் டாக்டர் மறுபடி படம் பார்த்தார். ரத்தம் பக்கத்துச் சிறு குழாய்கள் வழியாகக் கொஞ்சம் போகத் தொடங்கியிருக்கிறது என்றார். முக்கியக் குழாய் தழும்பு பிடித்துச் சுருங்கிவிட்டது. மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடச் சொன்னார். நான் அஸ்ஸாமைப் பற்றிக் கேட்டேன். பால் வெட்டுகிறவன் இருட்டு விலகுமுன் தொடங்கி மேட்டிலும் பள்ளத்திலும் மரம் மரமாக நடக்க வேண்டும் என்பதைச் சொன்னேன்.

"ஊருக்குள்ள நடங்க, நல்லது. அந்த வேலை முடியாது. ரயிலும் அவ்வளவு தூரம் வேண்டாம். போயே ஆகணும்னா படுக்கை போட்டுப் போகணும், மணிக்கொரு தடவை எந்திரிச்சு நடக்கணும், நிறையத் தண்ணி குடிக்கணும்."

நான் போகிற பெட்டியைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. சொல்லி ஆவதற்கு ஒன்றுமில்லை.

திரும்பி வரும்போது வடசேரியில் மினி பஸ் கிடைக்க நேரமானது. உட்கார இடம் இருந்தும் நான் நடந்துகொண்டே இருந்தேன். அந்தப் பேருந்து நிலையத்திலிருந்து நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன். எங்கே போகிற பஸ் முதலில் புறப்படுகிறதோ அதில் ஏறியதும் உண்டு. இப்போதும் நடத்துனர்கள் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்காத மாதிரி நடந்தேன்.

வீட்டுக்கு வந்து டாக்டர் சொன்னதை அக்காவிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அப்பம் நீ இனி அங்க போவ மாட்டியா?"

"போவ முடியாது."

"ஒரு எடத்துக்கும்?"

"ஒரு எடத்துக்கும்."

முப்பது வருடமாக நான் இங்கேயே இருந்துவிட வேண்டும் என்று விரும்பிய ஒரே ஆள் அவள். ஒவ்வொரு முறையும் நான் கிளம்பும்போது வாசல் வரை வந்து நிற்பாள். அன்று அவள் முகத்தில் ஒரு நொடி சந்தோஷம் வந்தது. மறைக்க முடியாமல், அவளுக்கே தெரியாமல் வந்தது. நான் அதைப் பார்த்துவிட்டேன் என்பதை அவளும் பார்த்துவிட்டாள்.

அரிசிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. நான் கூப்பிடவில்லை. காலை ஒரு நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு, அவள் வெளியே வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.